ஒட்டிய பாலிமர் படலங்களுக்கு ஹாட் ஸ்டேஜ் எலிப்சோமீட்டர்: எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது

திடப் பரப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய பாலிமர் படலத்தில் மூலக்கூறுகள் எப்படி அசைகின்றன என்று ஆராய இறங்குகிறவர்கள் முதலில் கேட்கும் கருவி பெரும்பாலும், படலத்தின் தடிமனை ஒளியால் அளக்கும் எலிப்சோமீட்டர்தான். நான் இங்கே எழுதுவது மேசைமேல் வைக்கிற அளவில் வரும் நிறமாலை எலிப்சோமீட்டர், அதோடு பூட்டிக்கொள்ளும், மாதிரியைச் சூடாக்கும் மேடையான ஹாட் ஸ்டேஜ், இரண்டையும் ஓட்டும் மென்பொருள், இந்த மூன்றும் சேர்ந்த தொகுப்பைப் பற்றி. நிறுவனத்தின் பெயர் வேண்டாம், இந்த வகைக் கருவிகளின் நிறைகுறைகள் பெரும்பாலும் பொதுவானவைதான். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கருவி அருமையானது, தாராளமாக வாங்கலாம், ஆனால் விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் கண்ணாடி மாற்ற வெப்பநிலை (இறுகிய பாலிமர் சூட்டில் தளரத் தொடங்கும் வெப்பநிலை) அளவீட்டை நம்பி வாங்காதீர்கள். ஒட்டிய படலத்தின் அசைவைப் பற்றி இது தரும் உருப்படியான தகவல், ஸ்டேஜைச் சூடாக்காமல் அறை வெப்பநிலையில் எடுக்கும் வெறும் தடிமன் எண்ணில்தான் இருக்கிறது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் விளக்கம் தேவை.

கருவி செய்யும் வேலையைப் புரிந்துகொள்வது எளிது. தளவிளைவுற்ற, அதாவது அதிர்வுத் திசை ஒழுங்கான ஒளியைப் பரப்பின்மேல் சாய்வாக விழவைக்கிறது, சிலிக்கான் என்றால் 70 முதல் 75 டிகிரி சாய்வில், பிறகு திரும்பி வரும் ஒளியின் தளவிளைவு என்ன ஆகியிருக்கிறது என்று பார்க்கிறது. ஒவ்வொரு அலைநீளத்துக்கும் இரண்டு கோணங்கள் கிடைக்கும், சை, டெல்டா என்று. இதில் டெல்டாவின் நுட்பம் அபாரமானது. சிலிக்கானின்மேல் ஒரு நானோமீட்டர் படலம் ஏறினால் அது இரண்டு மூன்று டிகிரி நகர்ந்துவிடும், கருவியோ டிகிரியில் நூறில் சில பங்கு மாற்றத்தைக்கூட விடாமல் பிடிக்கும். அதாவது ஓர் அணுவின் விட்டத்தைவிடச் சின்னத் தடிமன் வேறுபாடு திரையில் தெரியும். பால் டிரூடே 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் போட்ட அடித்தளத்தின்மேல்தான் இன்றைய கருவிகளும் நிற்கின்றன. இந்த ஒளியியல் பகுதியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இயந்திரத்தைத் தட்டிவிட்டால் சில நொடிகளில் முழு நிறமாலையும் வந்துவிடுகிறது, அதே மாதிரியை மறுநாள் வைத்தாலும் எண் அசைவதில்லை.

இந்தக் கருவிக்கு இந்தத் துறையில் இவ்வளவு மவுசு வரக் காரணம் 1994-இல் வெளிவந்த ஓர் ஆய்வு. கெடி, ஜோன்ஸ், கோரி மூவரும் சிலிக்கான்மேல் பாலிஸ்டைரீன் படலங்களை வைத்து, வெப்பநிலையை மாற்றிக்கொண்டே எலிப்சோமீட்டரில் தடிமனைப் பார்த்தார்கள். ஏதோ ஒரு வெப்பநிலையில் விரியும் வேகம் மாறும், அந்த முறிவுதான் கண்ணாடி மாற்ற வெப்பநிலை, ஆய்வுக்கூடப் பேச்சில் டீஜி. கட்டியாக இருக்கும் பாலிஸ்டைரீனுக்கு அது 100 டிகிரி செல்சியஸ் பக்கம். படலம் 40 நானோமீட்டருக்குக் கீழே மெலிய மெலிய டீஜியும் இறங்கிக்கொண்டே வந்தது, 10 நானோமீட்டரை நெருங்கும்போது இறக்கம் 20 டிகிரியைத் தாண்டியிருந்தது. அதே குழு பிஎம்எம்ஏ (பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட்) என்ற இன்னொரு பாலிமரை எடுத்துச் சிலிக்கான் ஆக்சைடின்மேல் வைத்தபோது டீஜி ஏறியது, தங்கத்தின்மேல் வைத்தபோது இறங்கியது. அடியில் என்ன பரப்பு, அதைச் சங்கிலி எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது, மேலே காற்றுப் பக்கம் எவ்வளவு தளர்வாக இருக்கிறது, இவை எல்லாம் சேர்ந்துதான் அசைவைத் தீர்மானிக்கின்றன என்று அப்போதே ஊகிக்க இடம் கிடைத்தது. விவாதம் இன்னும் ஓயவில்லை.

இப்போது அந்த முறிவைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம், வாங்கப்போகிறவர்கள் கணக்குப் போடவேண்டிய இடம் இதுதான். பாலிஸ்டைரீன் டீஜிக்கு மேலே ஒரு டிகிரிக்குத் தன் அளவில் 10,000-இல் 5 அல்லது 6 பங்கு விரியும், டீஜிக்குக் கீழே ஏறக்குறைய 2 பங்கு. பக்கவாட்டில் விரியவிடாமல் சிலிக்கான் பிடித்துவைத்திருப்பதால் விரிவு முழுக்கத் தடிமனில்தான் தெரியும். 100 நானோமீட்டர் படலம் என்றால் டிகிரிக்கு 0.05 நானோமீட்டருக்கு மேல் நகரும், குளிர்விக்கும்போது திரையில் இரண்டு நேர்கோடுகளும் அவை சந்திக்கும் முனையும் கண்ணுக்கே பளிச்சென்று தெரியும், யாரும் விளக்கவேண்டியதில்லை. 20 நானோமீட்டருக்கு வந்தால் டிகிரிக்கு 0.011 நானோமீட்டர், இன்னும் பரவாயில்லை. 5 நானோமீட்டர் படலத்துக்கு அது 0.003. முறிவுக்கு மேலே 40 டிகிரி தூரம் போனாலும் மொத்த மாற்றம் 0.1 நானோமீட்டரை ஒட்டித்தான் வரும், கீழே 40 டிகிரி போனால் 0.04. இதே அளவு மாற்றத்தை, அடியில் இருக்கும் சிலிக்கான் தகடான வேஃபர் லேசாக வளைவதும், ஒளிக்கற்றை துளி நகர்வதும், சிலிக்கானின் சொந்த ஒளிவிலகல் எண் சூட்டில் மாறுவதும் தாங்களாகவே உண்டாக்கிவிடும். ஆகவே மென்பொருளில் டீஜி கண்டுபிடி என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, 5 நானோமீட்டர் தரவின்மேல் அதை அழுத்தினாலும் அது இரண்டு கோடுகளைப் பொருத்தி, ஒரு தசம இடம்வரை எண்ணும் கொடுத்துவிடும். பொருத்திய எல்லையைப் பத்து டிகிரி நகர்த்திப் பாருங்கள், எண்ணும் கூடவே நகரும். ஒட்டிய படலம் பெரும்பாலும் இருப்பது இந்தச் சில நானோமீட்டர் பகுதியில்தான் என்பதுதான் சிக்கல்.

ஹாட் ஸ்டேஜைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் விலைப்பட்டியலில் அது துணைக்கருவி என்று கடைசி வரியில் வந்தாலும், சூடாக்கும் சோதனையின் தரத்தை முடிவு செய்வது ஒளியியலைவிட அதுதான். வெப்பநிலை உணரி உலோகக் கட்டைக்குள் இருக்கிறது, நமக்கு வேண்டிய படலமோ வேஃபரின் மேற்பரப்பில். இரண்டுக்கும் நடுவே தொடர்பு சரியில்லை என்றால் சில டிகிரி வித்தியாசம் சர்வசாதாரணமாக வரும், அதுவும் சூடு ஏற ஏற வித்தியாசமும் கூடும். வெப்பக் களிம்பு பூசி வேஃபரை ஒட்டினால் நிலைமை நன்றாகத் தேறும். அளவுதிருத்தத்துக்கு 156.6 டிகிரியில் உருகும் இண்டியம் துணுக்கை மேலே வைத்துப் பார்க்கலாம், அதைவிட எளிது, 200 நானோமீட்டர் பாலிஸ்டைரீன் படலம் ஒன்றை எப்போதும் கையில் வைத்திருந்து, ஒவ்வொரு தொடர் சோதனைக்கு முன்னும் அதன் டீஜி எங்கே வருகிறது என்று பார்ப்பது. அது 104 என்று காட்டினால் கோளாறு ஸ்டேஜில்தான். மூடிய அறைகொண்ட ஸ்டேஜ் வாங்கினால் நைட்ரஜன் ஓட்டலாம், சூட்டில் பாலிமர் ஆக்சிஜனேற்றம் அடையாது, ஈரப்பதமும் உள்ளே வராது. ஆனால் ஒளி போய்வரும் கண்ணாடிச் சாளரங்கள் டெல்டாவில் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கும், அதற்கான திருத்தம் மென்பொருளில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். நான் பயன்படுத்தும் ஸ்டேஜில் சூடாகும்போது கட்டையே விரிந்து வேஃபரை ஒரு பக்கம் தூக்குகிறது, அதனால் பெரிய வெப்பநிலை வீச்சில் போகும்போது இடையில் ஒருமுறை ஒளிக்கற்றையைச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. விற்ற நிறுவனத்திடம் சொன்னேன், அடுத்த வடிவத்தில் பார்ப்போம் என்ற பதிலோடு நின்றுவிட்டது.

குளிர்விக்கும் வேகமும் முக்கியம், இதை விளம்பரத் தாளில் தேடினாலும் கிடைப்பதில்லை. சூடாக்கும் வேகத்தை மட்டும் பெருமையாகப் போட்டிருப்பார்கள். ஃபக்ராயும் ஃபாரஸ்ட்டும் 2005-இல் காட்டியது இது: மெல்லிய பாலிஸ்டைரீன் படலத்தை நிமிடத்துக்கு ஒரு டிகிரி என்று மெதுவாகக் குளிர்வித்தால் டீஜி இறக்கம் நன்றாகத் தெரிகிறது, நிமிடத்துக்கு 90 டிகிரிக்கு மேல் போனால் தடிமனைப் பொறுத்த வேறுபாடே கிட்டத்தட்டக் காணாமல் போகிறது. மெதுவாகப் பார்த்தால் மட்டும் தெரியும் ஏதோ ஓர் அசைவு, காற்றுப் பக்கத்துத் தளர்ந்த அடுக்கிலிருந்து வருவதாகத்தான் பலரும் பார்க்கிறார்கள், அங்கே இருக்கிறது என்று அர்த்தம். உங்கள் ஸ்டேஜ் சூட்டை எவ்வளவு வேகமாக இறக்கும், கட்டுப்பாட்டோடு இறக்குமா அல்லது தானாக ஆறவிடுமா என்று கேட்காமல் வாங்கினால் இந்த மாதிரிச் சோதனை எதையும் செய்யமுடியாது. தண்ணீர் அல்லது திரவ நைட்ரஜன் குளிர்விப்பு இணைப்பு உள்ளதையே எடுங்கள்.

சரி, இனி எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன்.

1990-களின் தொடக்கத்தில் கிஸெலின் என்ற ஆய்வாளர் ஒரு யோசனையை முன்வைத்தார். உருகிய பாலிமரைத் திடப் பரப்போடு சேர்த்துவைத்துவிட்டு, பிறகு நல்ல கரைப்பானில் கழுவினால், பரப்பில் ஒட்டாத சங்கிலிகள் எல்லாம் போய்விடும், ஒட்டியவை மட்டும் தங்கும். ஒரு சங்கிலியின் ஒரு துண்டு பரப்பைத் தொடுவதில் கிடைக்கும் ஆற்றல் மிகச் சொற்பம், வெப்ப அசைவே அதைப் பிய்த்துவிடும். ஆனால் ஒரே சங்கிலி நூற்றுக்கணக்கான இடங்களில் தொடும்போது, அத்தனையும் ஒரே சமயத்தில் விட்டால்தானே சங்கிலி கிளம்பமுடியும், துணியில் ஏறிய ஒட்டுப்புல் மாதிரி ஒவ்வொரு முள்ளும் லேசானதுதான், மொத்தமாகப் பிடித்தால் விடுவதில்லை. இப்படி ஒட்டிய சங்கிலியில் சில பகுதிகள் பரப்போடு படிந்து கிடக்கும், சில வளையமாக எழுந்து திரும்ப வந்து தொடும், முனைகள் வாலாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். படிந்த பகுதி கிட்டத்தட்ட அசைவற்றது, வால்கள் தாராளமாக ஆடும். ஒரே மூலக்கூறுக்குள்ளேயே இவ்வளவு வேறுபாடு இருக்கும்போது, அந்தப் படலத்துக்கு ஒற்றை டீஜி என்று ஓர் எண்ணைக் கொடுப்பதில் என்ன பொருள் இருக்கிறது என்பது என் கேள்வி.

இந்தச் சோதனையைச் செய்ய எலிப்சோமீட்டரைவிடப் பொருத்தமான கருவியை நான் பார்த்ததில்லை. சுத்தம் செய்த சிலிக்கான் வேஃபரில் டொலுயீன் கரைசலிலிருந்து பாலிஸ்டைரீனை 100 நானோமீட்டர் அளவுக்குச் சுழற்றிப் பூசுகிறோம். நீல ஊதா நிறத்தில் படலம் நன்றாகத் தெரியும். அதை வாக்குவம் ஓவனில் 150 டிகிரியில் சில மணி நேரம் வைத்து எடுத்து, டொலுயீனில் ஊறவிட்டு, புது டொலுயீன் மாற்றி மாற்றிக் கழுவி, நைட்ரஜனால் ஊதிக் காயவைத்தால், நிறம் சுத்தமாகப் போய் வேஃபர் பழையபடி வெறும் சாம்பல் கண்ணாடியாகப் பளபளக்கிறது. வெறும் கண்ணால் பார்த்தால் அதில் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வோம். கருவியில் வைத்தால் டெல்டா பல டிகிரி நகர்ந்து நிற்கிறது. அங்கே சில நானோமீட்டர் பாலிமர் இருக்கிறது, எவ்வளவு டொலுயீன் விட்டாலும் போகாது. இதே வேஃபரை இப்படிச் சூட்டில் வைத்து எடுக்காமல் (இதைத்தான் அனீல் செய்வது என்கிறோம்), பூசிய கையோடு கழுவியிருந்தால் மிச்சம் இருப்பது மிகக் குறைவு. பாலிமர் அதேதான், பரப்பும் அதேதான், மாறியது சூட்டில் இருந்த நேரம் மட்டும்.

நேரத்தை மாற்றி மாற்றி இப்படிப் பல துண்டுகளைக் கழுவி அளந்து வரைந்தால் ஒரு வளைகோடு கிடைக்கும். முதலில் ஒட்டிய தடிமன் நேரத்தோடு நேர்விகிதத்தில் ஏறுகிறது, பிறகு ஒரு கட்டத்தில் வேகம் குறைந்து, நேரத்தின் மடக்கைக்கு ஏற்ப ஊர்ந்து போகிறது. முதல் கட்டத்தில் பரப்பில் இடம் நிறைய, அருகில் இருக்கும் துண்டுகள் திரும்பிப் படிந்தாலே போதும். இரண்டாம் கட்டத்தில் இடம் நெருக்கடி, புதிதாக வருகிற சங்கிலி ஏற்கனவே ஒட்டியவற்றுக்கு நடுவே நுழைந்து, தன்னை நீட்டி, ஒரு தொடும் இடத்தைப் பிடிக்கவேண்டும், தன் இயல்பான உருவத்தை இழக்கவேண்டும். அந்த ஏற்றத்தின் சரிவை வெவ்வேறு வெப்பநிலைகளில் எடுத்துப் பார்த்தால், பரப்பை ஒட்டிய இடத்தில் துண்டுகள் எவ்வளவு வேகமாக இடம் மாறுகின்றன என்பது நேராகவே கைக்கு வருகிறது. மூலக்கூறு அசைவு என்று நாம் தேடிக்கொண்டிருப்பது இதைத்தானே. இதற்குத் தேவைப்பட்டது ஒரு நல்ல ஓவன், நேரம் பார்க்கக் கடிகாரம், அறை வெப்பநிலையில் 0.1 நானோமீட்டர்வரை நம்பக்கூடிய ஒரு தடிமன் எண். கடைசியாகச் சொன்னதில் இந்தக் கருவியை அடித்துக்கொள்ள ஆளில்லை.

இது ஏதோ பக்கவழி வேலை என்று நினைக்கவேண்டாம். நாப்போலிதானோவும் வூபன்ஹார்ஸ்ட்டும் 2011-இல், அலுமினியத்துக்கு நடுவே அடைத்த மெல்லிய பாலிஸ்டைரீன் படலங்களை டீஜிக்கு மேலே மிக நீண்ட நேரம் வைத்திருந்து பார்த்தார்கள். முதலில் இறங்கியிருந்த டீஜி மெல்ல மெல்லக் கட்டிப் பொருளின் மதிப்பை நோக்கித் திரும்பியது, அந்தத் திரும்பல் ஒட்டிய படலம் வளர்ந்ததோடு கைகோத்தே போனது. சங்கிலி தன் இயல்பான உருவத்துக்குத் திரும்ப எடுக்கும் நேரத்தைவிட மிக அதிக நேரம் ஆனது என்பதுதான் பலரையும் யோசிக்கவைத்தது. ஆக, இரண்டு ஆய்வுக்கூடங்கள் ஒரே தடிமன், ஒரே பாலிமர், ஒரே பரப்பு என்று வைத்துக்கொண்டு வெவ்வேறு டீஜி சொன்னால், முதலில் கேட்கவேண்டியது எவ்வளவு நேரம் எந்தச் சூட்டில் அனீல் செய்தீர்கள் என்பதை. கழுவிய தடிமன் என்ற ஓர் எண்ணை ஒவ்வொரு மாதிரியோடும் சேர்த்துக் குறித்துவைத்தால் அந்தக் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும். அப்புறம், அமெரிக்காவின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் கோகாவின் குழு செய்ததுபோல டொலுயீனுக்குப் பதில் குளோரோஃபார்மில் கழுவினால், தளர்வாக ஒட்டிய வெளிச் சங்கிலிகளும் போய், பரப்போடு தட்டையாகப் படிந்த 2, 3 நானோமீட்டர் அடுக்கு மட்டும் தங்கும். முதலில் வந்து சேர்ந்த சங்கிலிகள் தட்டையாகப் படுத்துவிடுகின்றன, பின்னால் வந்தவற்றுக்கு மிச்ச இடம்தான், அதனால் அவை சில இடங்களில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. இரண்டு கரைப்பான், இரண்டு அளவு, ஒரே கருவி, உள் அடுக்கு வெளி அடுக்கு இரண்டும் பிரிந்து தெரிகிறது. இதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் சந்தோஷமாக இருக்கிறது.

கருவிக்கு எல்லைகளும் உண்டு, அவற்றில் இரண்டை அழுத்திச் சொல்லவேண்டும். ஒன்று, 10 நானோமீட்டருக்குக் கீழே படலத்தின் தடிமனையும் ஒளிவிலகல் எண்ணையும் தனித்தனியாகப் பிரித்தெடுக்க முடியாது. அந்தப் பகுதியில் சை கிட்டத்தட்ட அசைவதே இல்லை, டெல்டா மட்டும்தான் பேசுகிறது, ஓர் எண்ணிலிருந்து இரண்டு விடை கிடைக்காது. மென்பொருள் இரண்டையும் பொருத்த அனுமதிக்கும், வருவது வெறும் கற்பனை. பாலிஸ்டைரீனுக்கு 1.59 என்று நிலைநிறுத்திவிட்டுத் தடிமனை மட்டும் எடுங்கள், தட்டையான அடுக்கு உண்மையில் அடர்த்தியானதா என்ற கேள்விக்கு எக்ஸ்ரே எதிரொளிப்புக்குப் போங்கள். அடியில் இருக்கும் இயற்கை ஆக்சைடு ஏறக்குறைய 2 நானோமீட்டர், அதன் ஒளிவிலகல் எண்ணும் பாலிமருடையதும் கிட்டத்தில் இருப்பதால் பூசுவதற்கு முன்பே ஒவ்வொரு வேஃபரிலும் ஆக்சைடை அளந்து குறித்துக்கொள்வது கட்டாயம். ஒரு பெட்டியில் ஒரு வேஃபரை அளந்து மற்றவைக்கும் அதையே போடுவது, 4 நானோமீட்டர் படலத்தில் 0.2 நானோமீட்டர் பிழையை உள்ளே விட்டுவிடும்.

இரண்டாவது, படலம் கிழிவது. மெல்லிய பாலிஸ்டைரீன் ஆக்சைடு பரப்பில் டீஜிக்கு மேலே நிலையாக நிற்பதில்லை, ஓட்டைகள் விழுந்து, அவை பெரிதாகி, கடைசியில் துளித்துளியாகப் பிரிந்துவிடும், ரைட்டர் 1992-இல் இதை அழகாகக் காட்டியிருக்கிறார். எலிப்சோமீட்டரின் ஒளிப்புள்ளி சில மில்லிமீட்டர் அகலம், ஓட்டைகளோ மைக்ரோமீட்டர் அளவு. கருவி எல்லாவற்றையும் சராசரியாக்கி ஒரு தடிமனைச் சொல்லிவிடும், பொருத்தப் பிழை மட்டும் லேசாக ஏறியிருக்கும். ஸ்டேஜுக்கு மேலே ஒரு சின்னக் கேமரா வைக்கும் வசதி இருந்தால் கட்டாயம் சேர்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு சூடேற்றலுக்குப் பிறகும் நுண்ணோக்கியில் பார்த்துவிடுங்கள். மிக மெல்லிய படலங்களில் ஓட்டைகள் நுண்ணோக்கிக்கும் தெரியாத அளவு சின்னதாக இருக்கலாம், அதற்கு அணுவிசை நுண்ணோக்கிதான் வழி.

வேறு கருவி வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும் கொஞ்சம் சொல்கிறேன். அசைவை நேரடியாகக் கேட்கவேண்டும் என்றால் மின்காப்பு நிறமாலை அளவீடு இருக்கிறது, சங்கிலியில் உள்ள இருமுனைகள் மாறும் மின்புலத்துக்கு எவ்வளவு வேகமாகத் திரும்புகின்றன என்று ஒரு நொடிக்குக் கோடிக்கணக்கான முறையிலிருந்து பல நொடிக்கு ஒருமுறைவரை பார்க்கலாம். பாலிவினைல் அசிட்டேட் மாதிரி வலுவான இருமுனை உள்ளவற்றுக்கு அருமையாக வேலை செய்யும், பாலிஸ்டைரீனின் இருமுனை பலவீனம், சைகையைத் தேடிப் பிடிக்கவேண்டும். இரண்டு பக்கமும் மின்முனை வேண்டும் என்பதால் காற்றுப் பக்கம் என்ற ஒன்றே இல்லாமல் போய்விடுகிறது, இதைத் தவிர்க்க கிரெமரின் குழு நுண் தூண்கள் வைத்த மின்முனைகளால் மேலே இடைவெளி விட்டு அளந்தார்கள், அவர்களுக்குத் துண்டு அசைவின் வேகத்தில் பெரிய மாற்றம் தெரியவில்லை. விரிவு முறிவில் தெரியும் இறக்கமும் இங்கே தெரியாத மாற்றமும் ஒன்றையொன்று மறுப்பதாக நான் பார்க்கவில்லை, இரண்டு கருவிகள் இரண்டு வேறு கேள்விகளைக் கேட்கின்றன என்றுதான் படுகிறது.

டியூட்ரியம் (கன ஹைட்ரஜன்) அணுக்களை வைத்துப் பார்க்கும் என்எம்ஆர், அதாவது அணுக்கருக் காந்த ஒத்திசைவு, இன்னொரு வழி. ஃபிராங்க் புளூம் சிலிக்கா துகள்களின்மேல் ஒட்டவைத்த பாலிமர்களில், ஒரே வெப்பநிலையில் சில துண்டுகள் இறுகியும் சில தளர்ந்தும் இருப்பதை நிறமாலையின் வடிவத்திலேயே பிரித்துக் காட்டினார். ஒற்றை டீஜி கிடையாது, அசைவு அடுக்கடுக்காக மாறுகிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று குறைவு. ஆனால் டியூட்ரியம் ஏற்றிய பாலிமர் வேண்டும், பரப்பு அதிகமுள்ள தூள் வேண்டும், ஒரு தட்டை வேஃபரில் இருக்கும் பாலிமர் அளவு என்எம்ஆருக்குத் துளிகூடப் போதாது. குவார்ட்ஸ் படிகத் தராசு திரவத்துக்குள் ஒட்டுவதைப் பார்க்க நல்லது. சாவர்பிரே 1959-இல் தந்த தொடர்புப்படி 5 மெகாஹெர்ட்ஸ் படிகத்தின் அதிர்வெண்ணில் ஒரு ஹெர்ட்ஸ் இறக்கம் என்றால் சதுர சென்டிமீட்டருக்கு 17.7 நானோகிராம் ஏறியிருக்கிறது என்று பொருள், ஆனால் உப்பிய படலம் என்றால் அது உள்ளே பிடித்துவைத்த கரைப்பானையும் சேர்த்தே எடை போடும். ஒற்றைச் சங்கிலி பரப்பில் எப்படி நகர்கிறது என்று பார்க்க ஒளிர்வு முறைகள் உண்டு. கிரானிக்கின் குழு 2000-இல், பரப்பில் தட்டையாகக் கிடக்கும் பாலிஎத்திலீன் கிளைக்காலின் பரவல் வேகம், சங்கிலி நீளத்தின் ஒன்றரை அடுக்குக்குத் தலைகீழாகக் குறைகிறது என்று கண்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு கொழுப்புப் படலத்தில் கிடந்த டிஎன்ஏ-வுக்கு மாயரும் ரேட்லரும் கண்டது வெறும் நீளத்துக்குத் தலைகீழ். அடிப்பரப்பு திரவம்போல நழுவுகிறதா, திடமாகப் பிடிக்கிறதா என்பதே நகர்வின் விதியை மாற்றிவிடுகிறது. இவை எல்லாமே அருமையான முறைகள், ஆனால் ஒவ்வொன்றும் ஒரு பகுதியைத்தான் காட்டும், ஒவ்வொன்றுக்கும் மாதிரி தயாரிப்பே தனி வேலை. ஒரே ஒரு கருவிக்குத்தான் பணம் என்றால் நான் எலிப்சோமீட்டரையே எடுப்பேன்.

மென்பொருள்தான் இந்தத் தொகுப்பின் பலவீனமான பகுதி. படலத்துக்கான கணித மாதிரியுருவை அமைப்பது, அதைத் தரவோடு பொருத்துவது எல்லாம் வசதியாக இருக்கிறது, ஆனால் என் கருவியோடு வந்த மென்பொருள் மூலத் தரவைத் தனக்கு மட்டும் புரியும் வடிவில் சேமிக்கிறது, சாதாரண எழுத்துக் கோப்பாக வெளியே எடுக்கத் தனி உரிமம் கேட்டார்கள். சிலிக்கானின் ஒளியியல் மாறிலிகள் வெப்பநிலையோடு மாறும் அட்டவணையும் தனிப் பொதியில் இருக்கிறது, அது இல்லாமல் ஸ்டேஜைச் சூடாக்கினால் படலமே இல்லாத வெறும் வேஃபர்கூட விரிவதுபோலத் தெரியும். ஸ்டேஜ் விற்கும்போது அந்த அட்டவணையைச் சேர்த்துத் தராதது எனக்கு இன்னும் கோபம்தான். பராமரிப்புச் சேவையில் குறை சொல்ல ஒன்றுமில்லை, விளக்கு மாற்றும் வேலை, கோணத் திருத்தம் எல்லாம் கேட்ட நேரத்தில் நடக்கிறது.

வாங்கப்போகிறீர்கள் என்றால், செயல்விளக்கத்துக்கு அவர்கள் கொண்டுவரும் தடித்த ஆக்சைடு மாதிரியைப் பார்த்துத் திருப்தியாகிவிடாதீர்கள், அதை எந்தக் கருவியும் நன்றாக அளக்கும். நீங்களே கழுவி எடுத்த 5 நானோமீட்டர் பாலிஸ்டைரீன் துண்டு ஒன்றையும், ஆக்சைடு மட்டும் இருக்கும் அதே வேஃபரின் இன்னொரு துண்டையும் கொண்டுபோங்கள். இரண்டையும் மாற்றி மாற்றி வைத்து, ஒவ்வொரு முறையும் எடுத்துத் திரும்ப வைத்து அளக்கச் சொல்லுங்கள், எண்கள் 0.1 நானோமீட்டருக்குள் திரும்ப வருகின்றனவா என்று பாருங்கள். பிறகு ஆக்சைடு துண்டை மட்டும் ஸ்டேஜில் வைத்து 30-இலிருந்து 150 டிகிரிவரை ஏற்றி இறக்கச் சொல்லி, அந்தத் தடிமன் கோடு எவ்வளவு நகர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த நகர்வு 0.1 நானோமீட்டருக்கு மேல் இருந்தால் கருவியை எடுத்துக்கொண்டு ஸ்டேஜை விட்டுவிடலாம், அந்தப் பணத்தில் ஒரு நல்ல வாக்குவம் ஓவன் வரும்.